காரணம் கேட்டு வந்த மெயில்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, என் மேஜைமேல் விரித்துப் போட்டிருந்த நீல டீ-சர்ட்டும் அதன்மேல் நீட்டிவைத்த அளவு டேப்பும். துவைத்துக் காயவைத்த சட்டை. உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் மெயில்களைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை. அதற்கு முன் கோவையில் ஓர் ஆங்கில நாளிதழில் ஏழு ஆண்டுகள் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். இது 2008, மின்வெட்டு ஊரை வாட்டிய வருடம்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் வாடிக்கையாளர் தரப்பில் தரம் பார்க்கும் அம்மையாரின் மெயில். மாதிரிக்கு நாங்கள் அனுப்பிய சட்டையை அவர்களும் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சட்டை ஏன் சுருங்கியது, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். பதில் மாலைக்குள் வேண்டும். அதைப் பார்த்துத்தான் சரக்கை எடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பார்களாம்.

முதலாளி வந்து பின்னால் நின்றார். பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம்.

“ஏனுங்க அம்மணி, என்ன சொல்றாங்க?”

“ஏன் சுருங்குச்சுன்னு கேக்கறாங்க.”

“கட்டிங் மாஸ்டர் தப்புப் பண்ணிட்டாரு, வேலைய உட்டு நிறுத்தியாச்சுன்னு போட்டுருங்க. வெள்ளைக்காரங்களுக்குக் காரணம் வேணுமுங்க. காரணம்னா ஓராளக் காட்டோணும்.”

“நெசமாலுமே நிறுத்தப் போறீங்களா?”

“எழுதிப்போட்டு ஆள வெச்சிருந்தா நல்லாருக்குமுங்களா? நாளைக்கு அவங்க நேர்ல வந்து பார்த்தா?”

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஊரின் வழக்கம் அது. நானே அப்படி இரண்டு மெயில்கள் எழுதியிருந்தேன். லேபிள் மாறிய விஷயத்தில் ஒரு பெண், பட்டன் தெறித்த விஷயத்தில் ஒருவர். இருவரும் வேலையை இழந்தார்கள்.

அந்த அம்மையாரின் பழைய மெயில்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். பதில் எழுதும் முன் அவற்றைப் புரட்டினேன். நாளிதழில் நான் பழகிய ஆங்கிலத்தில் காரணம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரும்: ‘ஓயிங் டு’, ‘கான்சிக்வென்ட்லி’. இவர் எழுத்தில் அந்தச் சொற்கள் ஒருமுறைகூட வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஸோ’தான், நம் ‘அதனால’ போல. ரயிலைத் தவறவிட்டேன், ஸோ வீட்டிலிருந்து பேசுகிறேன். தவறான அளவை அனுப்பிவிட்டேன், ஸோ இதோ சரியானது. அவருடைய தவறே ஆனாலும் அரை வரி. மீதி அரை வரியில் அடுத்த வேலை.

எங்கள் மெயில்கள் வேறு மாதிரி. மழையில் தொடங்கி, நோம்பி, பண்டிகையைத் தொட்டு, சாயப்பட்டறையைச் சுற்றி, சரக்கு தாமதம் என்பது பத்தாவது வரியில் வரும். கடைசியில் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். அதற்கு அவர் பதில்: ஸோ, வெள்ளிக்கிழமை அனுப்புவீர்களா?

அன்று எனக்குத் தெளிவானது இதுதான். ‘ஏன்’ என்று அவர்கள் கேட்டால் எங்கள் காதில் அது திட்டாக விழுந்தது. காரணத்தை நாங்கள் மன்னிப்புக்காகச் சொன்னோம். அவர்களுக்கு அது அடுத்து என்ன செய்வது என்பதற்கான படி.

கட்டிங் பிரிவுக்குப் போனேன். மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி அதே கம்பெனியில் தையல். குடியிருப்பது கம்பெனி வீடு. அவரை நிறுத்தினால் மூன்றும் போகும். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது.

“என்னைய நிறுத்தப் போறாவளாம்லா?”

“அது இருக்கட்டும் மாஸ்டர். அந்தத் துணிய வெட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் விரிச்சுப் போட்டீங்க?”

பனியன் துணி சாயம் ஏறிச் சுருளாக வரும்போது இழுபட்டிருக்கும். பிரித்துப் போட்டு ஆறவிட்டால்தான் இயல்பான அளவுக்குத் திரும்பும். அதற்குமுன் வெட்டினால் சட்டை துவைத்த பிறகு சுருங்கும்.

“எங்கம்மா போட? ராத்திரி துணி வந்துச்சி, விடியங்காட்டி வெட்டுன்னாவ.”

“மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேம்லா. ‘ஏன் மாஸ்டர், துணிக்குத் தூக்கம் வருதுங்களா’ன்னு கேட்டாவ. எல்லாரும் சிரிச்சாவ. நானுந்தான் சிரிச்சேன்.”

திரும்பி வந்து நான்கே வரிகள் எழுதினேன். மின்வெட்டால் சாயப்பட்டறையிலிருந்து துணி இரண்டு நாள் தாமதமாக வந்தது. ஸோ, துணியை ஆறவிடாமல் வெட்டினோம். ஸோ, சட்டை சுருங்கியது. இனி துணி தாமதமானால் அவசரமாக வெட்டாமல் உங்களிடம் வேறு தேதி கேட்போம்.

முதலாளிக்குப் படித்துச் சொன்னேன்.

“‘வெட்டினோம்’னா ஆருங்க? நானா?”

“நாமதானுங்க.”

“நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறாப்பல இருக்குதுங்களே அம்மணி. மாஸ்டரப் பத்தி ஒண்ணுமே காணோம்?”

முந்தைய இரண்டு விவகாரங்களின் மெயில்களை அவர் முன்னால் வைத்தேன். “ரெண்டு வாட்டியும் ஆள நிறுத்திட்டோம்னு எழுதினோம். ரெண்டு வாட்டியும் அவங்க என்ன கேட்டாங்க பாருங்க. ‘சரி, இனி என்ன மாத்துவீங்க?’ போன ஆளப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க.”

அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். விரல் வைத்து இரண்டு தாள்களையும் படித்தார். இரண்டாவதை மறுபடியும் படித்தார்.

“அப்ப அந்த லேபிள் புள்ளய அனுப்புனது வீணுங்களா?”

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் சட்டையின் ஓரத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அனுப்பி உடுங்க,” என்றார்.

மூன்றரைக்குப் பதில் வந்தது. நன்றி, புரிகிறது, ஸோ, துணி எத்தனை மணி நேரம் ஆற வேண்டும்?

“எத்தன மணி நேரமுங்க?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

“எனக்கெப்படிங்க தெரியும்? மாஸ்டரத்தான் கேக்கோணும்.”

ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. அவரே எழுந்து கட்டிங் பிரிவுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பினார். “இருபத்துநாலுன்னு எழுதுங்க. மாஸ்டர் சொன்னாருன்னும் போடுங்க.”

அப்படியே எழுதினேன். சரக்கை எடுத்துக்கொள்கிறோம், அந்தச் சட்டைகளில் ஓர் அளவு சிறிய லேபிள் தைத்து அனுப்புங்கள் என்றார்கள். லேபிள் மாற்றும் வேலை ஒன்பது நாள் நடந்தது. மாஸ்டரின் மனைவியும் அதில் உட்கார்ந்து தைத்தார்.