கேட்டுக்கு முன்னால் நின்ற லாரி

கேம் சென்டர் நடத்துவது என்பது, அடுத்தவர் கனவுக்கு ஃபேன் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் தொழில். திருவொற்றியூரில் எனக்கு ஆறு கம்ப்யூட்டர். ஆறும் கிழம். பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் கிடையாது, புதியது இந்த ஓட்டை வண்டிகளில் ஏறாது என்றார்கள். காயலான் கடையில் போட மனசு வராமல் ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினேன். இதே பேஜாரில் மாட்டிக்கொண்ட தோஸ்துகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்டார்ட் இல்லாத வண்டி

தினமும் மதியம் இரண்டு மணிக்கு வருபவர் மரியதாஸ் அண்ணன். ராயபுரத்துக்காரர். ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கியதும், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருக்கும் லாரி கேம்தான் அவருக்கு வண்டி. அது லினக்ஸில் ஓடாவிட்டால் அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு புதுத் திரையை இடமும் வலமும் பார்த்தார். மூலையில் இருந்த பழைய ஸ்டார்ட் பொத்தானைக் காணோம்.

"ஸ்டார்ட்டே இல்லாத வண்டிய குடுத்து ஓட்டுன்றியே நைனா, தள்ளிவுட ஆள் வச்சிக்கீறியா?"

ஆடிக் கூழ்

கலைவாணிக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், எடைமேடையில் வேலை. வேலை முடிந்து சாயங்காலம் வந்து கேமில் தக்காளி பயிரிடுவார். நாள் முழுக்க இரும்பைப் பார்த்த கண்ணுக்கு அதுதான் ஆறுதலாம். இந்த சிஸ்டம் இலவசம், எழுதினவர்கள் யார் யாரென்று எனக்கே தெரியாது என்றதும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். சும்மா கொடுக்க அவர்கள் என்ன கோயிலில் கூழா ஊற்றுகிறார்கள் என்றார்.

அதேதான் என்றேன். ஒருத்தர் கேழ்வரகு தருகிறார், ஒருத்தர் அண்டா தருகிறார், யாரோ கிண்டுகிறார்கள். அண்டா திறந்தே இருக்கிறது. உள்ளே என்ன போட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், வாங்கிக் குடிக்கலாம். கலைவாணி மறுபடி மவுஸைப் பிடித்தார்.

"அப்ப செரிண்ணா. ஆனா உப்பு பத்தலன்னா உன்னியதான் கேப்பேன்."

கேட்டுக்கு முன்னால்

கேம் ஓடியது. மரியதாஸ் அண்ணன் அன்று மதியம் முழுக்க மலை இறங்கி, காடு தாண்டி, பேர் தெரியாத ஏதோ ஊரின் துறைமுகத்துக்கு லோடு கொண்டுபோனார். கடைக்குள் கடல்காற்று. எங்கேயோ கப்பல் ஊதியது. அது ஹார்பரிலிருந்து வந்ததா, திரைக்குள்ளிருந்து வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே கண் சொக்கிவிட்டது.

விழித்துப் பார்த்தால் நாலாம் நம்பர் நாற்காலி காலி. திரையில் துறைமுக கேட்; அதற்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக லாரி. அசைவே இல்லை. "உன் கூழு கட்டி தட்டிடுச்சுண்ணா" என்றார் அப்போதுதான் வந்த கலைவாணி. லினக்ஸ் காலை வாரிவிட்டது என்று முடிவு கட்டி, பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். திரை அணைந்தது.

பின்னால் டீ கிளாஸோடு மரியதாஸ் அண்ணன். கேமில் கேட்டுக்கு வரிசை கிடையாது. நேரே உள்ளே போய்விடலாம். ஆனால் ஹார்பருக்குள் நுழைய எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்றே பழகியவருக்கு அப்படிப் போக மனசு வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, வழக்கம்போல டீ குடிக்கப் போயிருக்கிறார்.

"லைன்ல நின்னுகினு இருந்த வண்டி நைனா அது. எங்க போச்சு?"

ரெண்டாவது நடை

மறுபடி திறந்தால், லாரி மலைக்கு அந்தப் பக்கம், கிளம்பிய இடத்திலேயே நின்றது. மதியம் முழுக்க ஓட்டியது என் ஒரு விரலில் போய்விட்டது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே வண்டியையும் நானே பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. மன்னிச்சிடுங்கண்ணே என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கலைவாணி தக்காளித் தோட்டத்தை விட்டுத் தலையைத் திருப்பவே இல்லை.

அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். நாற்காலியை முன்னால் இழுத்து, எஞ்சினைக் கிளப்பினார். மலை மெல்ல மெல்லத் திரையில் எழுந்து வந்தது.

"டாக்டரு ஒரு நடைகூட கூடாதுன்ட்டாரு. நீ இன்னாடான்னா ரெண்டு நடை குடுத்துக்கீற, இதுக்குப் போயி கண்ணு கலங்குறியே!"

திரை உறைந்து நின்றால் பவர் பொத்தானில் கை வைக்கும் முன் எதிர் டீக்கடையை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே, லினக்ஸுக்கு மாறி நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம்.