கேன்காரரிடம் சொன்ன பெயர்

பெங்களூரில் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குத் தனியாளாக வந்தேன். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. ஆசிரமத்துக்கு வந்து இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அங்கே பாதிப்பேர். பக்கத்து வீட்டில் நேற்று இருந்த முகம் இன்று இருக்காது. பௌர்ணமியன்று முன்பின் தெரியாத யாராவது கேட்டைத் தட்டி பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்பார்கள். யாரிடமும் என்னைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று முதல் வாரமே தீர்மானித்துவிட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவர் போனில் பதிந்துகொள்ளப் பெயர் கேட்டபோது, என் அக்காவின் பெயரைச் சொன்னேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்றார். கொஞ்ச நாள்தான் என்றேன். அதுவும் பொய்.

ஓட்டுரிமையை மட்டும் விட மனமில்லை. பதினெட்டு முடிந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் நான் தவறவிட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊருக்கு மாற்ற விலாசத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிர் செய்கிறவர். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டதும் போனில் அவர் குரலே மாறிவிட்டது. "இந்த அட்ரஸ்ல ஓட்டு வாங்கிக்கினா நாளைக்கு வீட்டக் காலி பண்ண மாட்டாங்கனு சொல்றாங்கம்மா," என்றார். எவ்வளவு சொல்லியும் அவர் மசியவில்லை. கடைசியில் வங்கிப் பாஸ்புக்கில் விலாசத்தை மாற்றி, அதை வைத்து விண்ணப்பித்தேன்.

ஒரு நாள் மதியம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றார். கையில் பை, பையில் காகிதக் கட்டு. இந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். நான் கேட்டைத் திறக்கவில்லை. அடையாள அட்டை கேட்டேன். பைக்குள் தேடி எடுத்துக் காட்டினார். அட்டையில் இருந்த முகத்தையும் அவர் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். போதாதென்று அட்டையைப் போனில் படமெடுத்துக்கொண்டேன். அதுவரை அவர் வெயிலிலேயே நின்றார். பாஸ்புக் நகலையும் சும்மா கொடுக்கவில்லை. குறுக்கே "வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கம்பி வழியாக நீட்டினேன். அவர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, நல்லதுதான் என்று மட்டும் சொன்னார். போன பிறகு அந்தச் சொல்லை மனதில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கேலியாகத்தான் சொல்லியிருப்பார், விண்ணப்பத்தை எப்படியும் தள்ளிவிடுவார் என்றே பட்டது.

தள்ளவில்லை. பட்டியலில் பெயர் வந்தது. ஆனால் படம் பழைய அட்டையில் இருந்ததுதான். முப்பது வயதில், நீளமான பின்னலோடு எடுத்தது. இப்போது எனக்கு ஐம்பத்தாறு. முடி நரைத்துக் கழுத்தோடு வெட்டியிருக்கிறேன்.

தேர்தலன்று காலையிலேயே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனதும் அலுவலர் என் பெயரைச் சத்தமாகப் படித்தார். சுவரோரம் கட்சி ஏஜென்டுகள் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்தார். கேன்காரர்.

"சார், இவங்க பேரு இது இல்ல. வாராவாரம் கேன் போடறேன், எனக்குத் தெரியும். யாரு ஓட்டையோ போட வந்துருக்காங்க."

தலைமை அதிகாரி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஆட்சேபித்தால் அதற்கான இரண்டு ரூபாயைக் கட்ட வேண்டும், பொய் என்றால் அது திரும்பக் கிடைக்காது என்று கேன்காரரிடம் சொன்னார். அவர் சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி என் பக்கம் திரும்பி, ஆள்மாறாட்டம் செய்தால் ஜெயில் என்பதையும் அதே குரலில் சொன்னார். அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அன்று கேட்டருகே அந்தப் பெண்ணைப் பார்த்த அதே பார்வை.

"அவர்கிட்ட வேற பேர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

வரிசை முழுக்க வாசலில் கேட்டுக்கொண்டிருந்தது. தனியாக இருக்கிறேன், பயம், அதனால் யாருக்கும் நிஜப் பெயரைச் சொல்வதில்லை என்றேன். சொல்லும்போதே அது இன்னொரு பொய் போல என் காதுக்கே கேட்டது. கேன்காரர் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கும் சந்தேகம் வந்தது. இந்த ஆளை இதற்கென்றே யாரோ ஏவிவிட்டிருப்பார்களோ? வெளியூர்க்காரி ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டிருப்பார்களோ?

இங்கே உங்களைத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒருவர் பெயரும் எனக்கு வாயில் வரவில்லை. இரண்டு வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன்.

வெளியே உதவி மேசையில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தவரை அதிகாரி அழைத்துவரச் சொன்னார். அன்று கேட்டுக்கு வந்த அதே பெண்தான். உள்ளே வந்து என்னை ஒரு தடவைதான் பார்த்தார்.

"இவங்கதான் சார். நான் நேர்ல போய் பார்த்துட்டு வந்தேன். என்னையே வெளிய நிக்க வெச்சி ஐடி கார்டு கேட்டு, போட்டோ புடிச்சாங்க. இந்த லிஸ்ட்ல அப்டி கேட்டவங்க இவங்க ஒருத்தர்தான்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆட்சேபம் தள்ளப்பட்டது என்று எழுதி, விரலைக் காட்டச் சொன்னார். கேன்காரர் உட்கார்ந்தார். மறைப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடிக்குள் வந்த சீட்டில் நான் போட்ட சின்னம்தானா என்று, அது விழுந்து மறையும்வரை குனிந்து பார்த்தேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். அன்று வெயிலில் நிறுத்தியதற்கு மன்னிப்பும் கேட்கத்தான் நினைத்தேன், வேறு யாரோ அவரிடம் பட்டியலில் தங்கள் பாக எண் கேட்டுக் குறுக்கே வந்துவிட்டார்கள்.

அந்த வாரம் கேன் வராது என்று நினைத்தேன். வந்தது. கேனை இறக்கிவைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நெஜமாவே வேற ஆளுனுதான் நெனச்சேன்."

"தப்பு என்மேலதான். போன்ல என் பேரை மாத்திக்கோங்க," என்றேன்.

அவர் போனை எடுத்தார். நான் சொன்ன பெயரை மெதுவாக அடித்தார். அடித்து முடித்துவிட்டு, "இதான ஓட்டர் லிஸ்ட்ல இருந்தது?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.