மெத்தென்ற உறை

இடுப்பில் துவக்குக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவன் நான். அதுவும் கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டு!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். என் மனைவிக்குக்கூட இது தெரியாது...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் வீடியோக் கடை வைத்திருந்தேன். சில பொடியங்கள் வந்து கண்ணாடியை உடைத்து, "அடுத்தமுறை உன்ரை மண்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு கைத்துவக்கு வாங்கினேன், சின்னத் துப்பாக்கி. எங்கே என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் அதை மறைத்துக்கொண்டு திரிவது குற்றம். தெரிந்தே திரிந்தேன்.

ஆனால் என் நெஞ்சை அறுப்பது துவக்குகூட இல்லை... அதன் உறை!

முதலில் நைலோன் உறை. இடுப்பை உரஞ்சிப் புண்ணாக்கியது. பிறகு தோல் உறை. விறைப்பாக நின்று துவக்கின் விசையை முழுதாக மூடியது, நல்ல உறைதான். ஆனால் குனிந்தால் குத்தியது, நிமிர்ந்தால் கிறீச்சிட்டது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு வந்தது. மாட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு எப்படிக் கோயிலுக்குள் போவது?

சிரிக்கிறீர்களா? தோல் ஆகாதாம்... துவக்கு ஆகுமாம்! இப்படிப்பட்ட ஆசாரசீலன் நான்.

பழைய குளிர்ச்சட்டையின் உட்துணியை வெட்டி நானே ஓர் உறை தைத்தேன். மெத்தென்றிருந்தது. வேட்டிக் கட்டுக்குள் செருகினால் இருப்பதே தெரியாது. விசையை அது சரியாக மூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சூரன்போர் அன்று கோயிலில் நிற்க இடமில்லை. மேற்சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சிவநேசன். அகதியாக வந்த புதிதில் என்னோடு ஒரே போர்வைக்குள் படுத்தவன். அவனுடைய சின்ன மகள் சூரன் தெரியவில்லை என்று சிணுங்கினாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். துவக்கு இருப்பதையே மறந்துபோனேன்... அவ்வளவு சுகமான உறை!

அவள் துள்ளினாள். குதிக்காலால் உதைத்தாள். பிறகு கையை விட்டுத் தடவினாள்.

"அங்கிள், உதென்ன கல்லு மாதிரிக் குத்துது?"

அசையவும் பயம், அவளை இறக்கவும் பயம். அவள் விரல் எங்கே இருக்கிறது? ஐயோ, எங்கே இருக்கிறது?

சிவநேசன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் இடுப்பைப் பார்த்தான். மெதுவாக மகளின் கையை எடுத்து, அவளை வாங்கிக்கொண்டான். தன் சால்வையை அவிழ்த்து, என் சால்வைக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டான். சாமிக்கு முன்னால் சால்வை கட்டுவது வழக்கம்தானே. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"உள்ளுக்குக் குண்டு கிடந்ததோ?"

"ஓம், மச்சான்."

அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

திட்டவில்லை. அடிக்கவில்லை. பொலிசுக்குப் போகவில்லை. மறுநாள் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், "எறி" என்றான். எறிந்தேன். உறையையும் எறியச் சொன்னான். அதன்பிறகு ஒருநாளும் அதைப்பற்றி அவன் வாய் திறந்ததில்லை. நான் சிறைக்குப் போகாமல் பிள்ளைகளோடு சோறு தின்றது அவன் தந்த பிச்சை. அவனை நினைத்தால் என் கை தானாகக் குவியும்... ஆனால் அவனிடம் ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. ஏன்? எந்த வாயால் கேட்பேன்?

அடுத்த வருடம் அவனுக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிப்பிடித்தான். கோப்பி வாங்கித் தந்தான். "முதல் ஆளா வந்திட்டாய் மச்சான்" என்று கண்கலங்கினான். பொய்யில்லாத கண்ணீர்.

நான் குழந்தைக்காகக் கைகளை நீட்டினேன்.

"வேண்டாம் மச்சான்... உன்ரை கை குளிரும்" என்றான், பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி.

கோப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த கை அது. சுடச்சுட இருந்தது.