அப்பா கழுவிய நீல டிரம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்த ஒரு கொலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செய்தவர் அப்பா. ஒரு கையில் சோப்புத்தூள், இன்னொரு கையில் லாரி கழுவும் பிரஷ். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, ரொம்பவும் சந்தோஷமாகச் செய்தார். அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீடு. அப்பா லாரி ஓட்டினார். நாமக்கல்லில் சரக்கு ஏற்றினால் வடக்கே எங்கெங்கோ போய் இறக்கிவிட்டு, கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். இருக்கிற நாட்களிலும் பாதியைத் தூங்கிக் கழிப்பார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இடுப்பை நிமிர்த்துவார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்துத்தான் அவள் இந்த மீன் விஷயத்தில் இறங்கினாள்.

கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு தொட்டியில் ஜிலேபி மீன், பக்கத்தில் ஜல்லி நிரப்பிய தொட்டியில் பாலக்கீரையும் புதினாவும். மீன் அழுக்காக்கிய தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் கீரைக்கு ஏற்றும். கீரை அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தண்ணீரை மீனுக்கே திருப்பிவிடும். வீடியோவில் எல்லாம் ஜோராக இருந்தது. எங்கள் மாடியில் ஜல்லிக்குள் மீன் கழிவு அடைத்துக்கொண்டு, தண்ணீர் பச்சைக் குழம்பாகி, வாடை மாடிப்படி இறங்கி அடுப்படி வரைக்கும் வந்தது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சில செத்தும் போயின. அப்பா அதற்கு "உங்கம்மாளோட சாக்கடை" என்று பெயர் வைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அம்மா விடுவதாக இல்லை. இரண்டு நீல டிரம் வாங்கி மீன் தொட்டிக்கும் கீரைத் தொட்டிக்கும் நடுவில் வைத்தாள். முதல் டிரம்மில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வர, கனமான கழிவு அடியில் தங்கிவிடும். அடியில் இருந்த குழாயைத் திறந்தால் அது எலுமிச்சைச் செடிக்குப் போய்விடும். இரண்டாவது டிரம் நிறைய, பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரையும் பழைய கொசுவலையையும் துண்டு துண்டாக நறுக்கிய ஓஸ் பைப்பையும் அடைத்தாள். கொஞ்ச நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அந்த நாரிலும் வலையிலும் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு நான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அம்மாவுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை.

"அது அழுக்கில்ல கண்ணு. கண்ணுக்குத் தெரியாத உசுருங்க அதுல குடியிருக்குது. மீனுக்கு வெசமாகிறத அதுகதான் செடிக்குச் சோறா மாத்திக் கொடுக்குது. அதை யாரும் தொடக் கூடாது," என்றாள்.

நான் பாதி நம்பினேன். ஆனால் தண்ணீர் தெளிந்தது நிஜம். வாடை போனது நிஜம். கீரை இலை என் உள்ளங்கையை விடப் பெரிதாக வந்தது. இது நிலைத்துவிட்டால் எங்கள் விவசாயக் காட்டில் பெரிதாகப் போட்டுவிடலாம், அப்பா லாரியை விட்டு இறங்கி வீட்டோடு இருந்துவிடலாம் என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதிலிருந்து நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்கு ஓடி மீன் பெருத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பாவிடம் அவள் எதையும் விளக்கவில்லை. சேற்றைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள் என்று கிண்டல் செய்வாரோ என்ற கூச்சமாக இருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு அப்பா வந்தார். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். வண்டியைக் கழுவாமல், சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த நாளைக் கடத்துவது தெய்வ குத்தம். அப்பா விடிந்ததும் லாரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்புறம் என் சைக்கிள், மிக்ஸி, கிரைண்டர், வீட்டில் இருந்த அரிவாள், கடப்பாரை எல்லாவற்றுக்கும் குளியல் நடந்தது. அம்மா பூவும் பொரியும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். அப்பா சுற்றிலும் பார்த்தார். வேறு எதுவும் பாக்கியில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

"அம்மா அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்குதுங்கப்பா," என்றேன்.

"கரண்டு இருக்குதல்ல சாமி, அதுக்குச் சொல்லியிருப்பா. நாந்தான் மோட்டாரை ஆப் பண்ணிட்டனே," என்று சிரித்தார்.

இரண்டாவது டிரம்மிலிருந்த நார், வலை எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டார். சோப்புத்தூளில் ஊறவைத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, லாரி டயரைத் தேய்க்கிற தேய் தேய்த்தார். பழுப்பாக ஓடிய தண்ணீர் மாடிக் குழாய் வழியே இறங்கித் தெருச் சாக்கடையில் கலந்தது. நுரை அடங்கும்வரை அலசினார். மறுபடி அடைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டார். இரண்டு டிரம்முக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா பூப்பையோடு மாடிக்கு வந்தாள். டிரம்மைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். நேராகப் போய் டிரம்முக்குள் கையை விட்டாள். நாரை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படி? இதுவும் நம்ம ஊட்டுத் தொழில்தானே. இதைக் கும்புடாம எப்படி உடறது?" என்றார்.

சாக்கடை என்றவர் வாயிலிருந்து தொழில் என்ற சொல் வந்துவிட்டது. அம்மா கையிலிருந்த நாரை டிரம்முக்குள்ளேயே திரும்பப் போட்டாள். "நல்லா இருக்குதுங்க," என்றாள். சாப்பிடும்போது அப்பா, அடுத்த நடை முடிந்து வந்ததும் காட்டில் பெரிய தொட்டிக்கு இடம் பார்க்கலாம் என்று தானாகவே சொன்னார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் அப்பா கிளம்பியதும் அம்மா குடத்தை எடுத்தாள். மீனுக்குத் தீவனத்தை நிறுத்தினாள். தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதும் போர் தண்ணீரைச் சுமந்து ஊற்றுவதுமாகவே இருந்தாள். தண்ணீர் அதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அத்தை, பன்னீராட்டம் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீரில்தான் மீன்கள் மேலே மேலே வந்து வாயைப் பிளந்தன.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் மாடிக்குப் போன எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொட்டி முழுவதும் வெள்ளை வயிறுகள். ஒன்றுகூட அசையவில்லை. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடிவந்தாள். அழுக்குத் தண்ணீரில் மீன் சாவதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எப்படிச் சாகும் என்று எனக்குப் புரியவே இல்லை. அம்மாவைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"சுத்தம் பண்ற ஆளுகளத்தான் கழுவி ஊத்தியாச்சே சாமி," என்றாள்.

அவள் அழவில்லை. மீன்களை முறத்தில் அள்ளி எலுமிச்சைக்கு அடியில் புதைத்தாள். அப்பா வந்ததும் இதைச் சொல்லி ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. அவர் வீட்டில் இருக்க வழி பிறந்தபோது அவரே அதைக் கெடுத்துக்கொண்டாரே!

அன்று சாயங்காலம் நாங்கள் மாடியில் இருந்தபோது அப்பாவின் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். எங்கோ சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கிறாராம். முதல் கேள்வியே மீன் எப்படி இருக்கிறது என்பதுதான்.

"நல்லா இருக்குதுங்க. முன்னைக்கு இப்ப நல்லாத் துள்ளுதுங்க," என்றாள் அம்மா.

ரப்பர் தொலைந்ததற்கு ஒரு சின்னப் பொய் சொன்னால்கூட என் காதைத் திருகிச் சிவக்கவைக்கிறவள் அவள். அப்பா போட்டோ கேட்டார். போனை வைக்காமலேயே, பூஜைக்கு முன்னால் எடுத்த வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். தீவனத்துக்கு மீன்கள் முண்டியடிக்கும் வீடியோ. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அப்பாவின் சிரிப்பு வெடித்தது.

"பாத்தியாடா, நான் கழுவி உட்டதுக்கப்பறம் எப்படித் துள்ளுதுன்னு!" என்று கிளீனரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அம்மாவும் கூடவே சிரித்தாள். பார்த்து ஓட்டுங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். அப்புறம் காலித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை மீன் செத்தபோது அழாதவள் இப்போது எதற்கு அழ வேண்டும்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பொய் சொல்லியாகிவிட்டது, அப்பா வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறாள். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்லவே மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.