சாயாவில் ஊறிய பெட்டி

எழுபதுகளின் கடைசியில், எறணாகுளத்துக்கு அக்கரையில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்த்தேன். பழைய பொருளை விற்பதல்ல, புதுப் பொருளைப் பழையதாக்குவதுதான் என் வேலை. இடித்த மிளகுக் கிடங்கின் தேக்கு உத்தரத்தை அறுத்துப் பெட்டி செய்வேன். அதைக் கட்டன் சாயாவில், அதாவது பால் சேர்க்காத டீயில், ஊற வைத்து, புகை காட்டி, ஈர மண்ணில் புதைத்து எடுத்தால் இருநூறு வயதாகிவிடும். கர்த்தருக்கு அடுத்தபடி காலத்தைப் படைத்தவன் நான்தான் என்று ஒரு நினைப்பு.

இது தெரியாமல், எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துப் பாஸ்டர் என்னை ஞாயிறு கூட்டத்தில் பேசச் சொன்னார். பூமிக்குக் கோடிக்கணக்கில் வயது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்திருந்தார்கள்.

"நீங்க பழைய சாமானோடயே புழங்குறவரு. சயின்ஸ் சொல்ற வயச எம்புட்டு நம்பலாம்னு சொல்லுங்க பிரதர்."

வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "வயசுல பொய் சொல்றது யாருன்னு நீங்க பேசப் போறீங்களா? நல்லாருக்கு!"

பயந்துபோய், கடைக்கு வரும் எறணாகுளத்துக் கல்லூரி வாத்தியாரைப் பிடித்தேன். கெமிஸ்ட்ரி, மலையாளி, பேச்சில் பாதி தமிழ். பூமிக்கு வேறு கணக்காம்; மரத்துக்கு என்றால், அது செத்த பிறகு அதிலுள்ள ஒருவகைக் கார்பன் மெல்ல மெல்லக் குறையுமாம். மிச்சத்தை அளந்தால் வயது தெரியுமாம்.

"ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்தது யாரு சாரே?"

"ஆரும் கண்டில்லா. மரத்தோட வளையம் எண்ணி ஒத்துப் பாப்போம். அதிருக்கட்டே, இந்தப் பெட்டிக்கு எத்ர வயசு?"

இருநூறு என்று நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "மூணு வாரம்."

அவர் கோபப்படவில்லை. மூடியைத் தூக்கி, அதன் வெட்டு முகத்தை ஈரத் துணியால் துடைத்தார். "டெஸ்ட் செய்தா மூணு வாரம்னு வராது சேட்டா. மரம் வளந்த காலம்தான் வரும்."

சாயாக் கறைக்கு அடியில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். கோட்டுக்கு ஒரு வருஷம். ஊசியால் எண்ணினேன், நாற்பதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. இத்தனை நாள் கடவுளின் கையெழுத்து மேல் சாயாவை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்! கை கூசியது.

சொல்ல வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் என் பித்தலாட்டமும் வெளியே வரும். ஞாயிறு காலை வரை தவித்தேன். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டே போனேன்.

"இத நான்தான் செஞ்சேன். வயசு மூணு வாரம். இருநூறுன்னு சொல்லித்தான் விப்போம்" என்றேன். பாஸ்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "கருவி மரத்தோட வயசச் சொல்லும். பெட்டி எப்ப ஆச்சுன்னு செஞ்சவனத்தான் கேக்கணும். பூமியையும் செஞ்சவருகிட்டதான் கேக்கணும்னு நான் நம்புறேன்."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அப்போ மரத்தோட வயசு நெசந்தானே அங்கிள்?"

"நெசந்தாம்மா. மூடி ஓரத்துல கோடு தெரியுதா? கோட்டுக்கு ஒரு வருஷம்."

அவள் மூடியைக் கழற்றி மடியில் வைத்து நகத்தால் எண்ணத் தொடங்கினாள். என்னைத் திட்ட எழுந்து வந்த பாஸ்டரும் குனிந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

"எம்பத்தாறு, எம்பத்தேழு... அங்கிள், இன்னும் இருக்கு."