சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்

எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பிலிமத்தலாவையில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு வந்து, இலை போடும் நேரத்துக்காகக் காத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி அண்ணா என்னிடம் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது.

"பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவருக்கே புற்றுநோய் வந்துவிட்டது. இனி என்னத்துக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம்?"

செத்த வீட்டிலேயே இது என் காதில் விழுந்தது. கருமாதிப் பந்தியிலும் விழுந்தது. அக்காவைத்தான் நாங்கள் மண்ணுக்குக் கொடுத்தோம். அவர் சொல்லித் தந்ததையும் கூடவே புதைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

அக்கா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். வீட்டுக்கு மூத்தவர். அடுத்து அண்ணா, பிறகு நான், கடைசியாகத் தம்பி. தம்பி பிறந்த அன்றே அம்மா போய்விட்டார். கொழுந்து பறிக்கும்போது அடிக்கடி தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார் அம்மா. கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். பிள்ளை பெறும் அளவுக்கு அந்த உடம்பில் இரத்தம் இல்லை என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடச் சட்டையோடு எங்களுக்கு ரொட்டி தட்டிக் கொடுத்த அக்கா, படிப்பையும் விடவில்லை. மனைப்பொருளியல் ஆசிரியையாகி, நோய் வந்து படுக்கும்வரை கண்டிப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பித்தார். அந்தப் பாடத்தைக் கேக் அடிப்பதும் தையலும் என்று நினைப்பவர்கள் உண்டு. அக்கா அதில் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தேடினார்.

தேடியதில் ஒரு விஷயம் அவரை உலுக்கிவிட்டது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தில் பெரும்பகுதி உடம்பில் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். கொதிக்கும்போதே பிழிந்தால் தேசிக்காயின் சத்துச் சூட்டில் குறைந்துபோகும். இவ்வளவுதான் அக்காவின் மந்திரம்.

இதைப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் சொன்னார். ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் தேத்தண்ணியுமாக வளர்ந்த சனத்திடம் சொன்னார். "தேயிலையில பொழச்சவளுக்குத் தேத்தண்ணி ஆகாதாம்!" என்று லயமே சிரித்தது. அக்காவும் கூடச் சிரித்துவிட்டு, "குடிக்க வேணாம்னு யாரு சொன்னா? சாப்பிட்ட சோறு ஒடம்புல சேரட்டும், அப்புறமாக் குடிங்க" என்றார். அம்மாவைத் தேத்தண்ணிதான் கொன்றது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவைக் கொன்றது வறுமை. அந்த வறுமைக்குள்ளும் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைத்தான் அவர் சொன்னார்.

அக்காவிடம் குறை இல்லையா? இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். கல்யாண வீட்டில் தேத்தண்ணித் தட்டோடு வருபவரை வழிமறிப்பார். என் மானம் பல தடவை போயிருக்கிறது. ஆனால் "பாவம், வாயைக் கட்டி வாழ்ந்தவர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் வல்லாரைச் சம்பலும் இருந்தால் இரண்டாம் முறையும் சோறு கேட்பவர் அவர். நம்மில் பலரை விட ருசித்துச் சாப்பிட்டவர்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஒரு காலையில் என்னிடம் பால் தேத்தண்ணி கேட்டார், சீனி தூக்கலாக. நான் தயங்கி நின்றேன். "என்னடி பாக்குற? வயித்துலதான் ஒண்ணும் இல்லையே, சாயம் எதப் புடிக்கப் போகுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகைதான் வருகிறது.

கருமாதியன்று என் மகள் பிள்ளைத்தாய்ச்சி. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் வெளுத்த இமை என் நினைவை விட்டு அகலவில்லை. பந்தியில் எங்கள் அண்ணி, அதாவது அண்ணாவின் மனைவி, அவள் இலைக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்தார். "குடி புள்ள. ஒன் பெரியம்மா பாத்துப் பாத்துச் சாப்புட்டு என்னத்தக் கண்டாங்க?"

மகள் கிளாசைத் தள்ளி வைத்தாள். "அவங்க சாகாம இருக்கிறதுக்குச் சாப்பிடல அத்தை, இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கத்தான் சாப்பிட்டாங்க. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிக்கிறேன்."

நான் எழுத நினைத்ததையெல்லாம் அவள் அப்போதே சொல்லிவிட்டாள். மரணத்துக்கு அக்கா மருந்து விற்கவில்லை. அவருடைய நோய் சாப்பாட்டால் வந்ததல்ல என்று டொக்டரே சொன்னார். மகளுக்கு இரத்தம் ஏறியதற்குக் கிளினிக் மாத்திரைதான் முதல் காரணம். இருந்திருந்தால் அக்காவும் அதையே சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்க விட்டிருக்க மாட்டார். பேத்தி பிறந்து, இப்போது இந்த வீட்டுக்குள் தவழ்ந்து திரிகிறாள். மகளும் நலமாக இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவைக் கவனித்த தாதியருக்கும், வாகனம் தந்து உதவிய அயலவர்களுக்கும், பாடை சுமந்த மடுல்கெல்ல உறவுகளுக்கும், மழையிலும் வந்து நின்ற அவருடைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்குத் தலைவாரி, உடம்பு துடைத்து, கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்தவர் அண்ணிதான். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. அண்ணி, கோபிக்காதீர்கள், உங்களிடம் சண்டை போடவும் அக்காவுக்குப் பதிலாக ஒருத்தி வேண்டுமல்லவா?

இன்றைய சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல், நெத்தலிக் குழம்பு எல்லாம் உண்டு. ஒவ்வொரு இலையிலும் ஒரு துண்டு தேசிக்காய் இருக்கும். நீங்களே பிழிந்துகொள்ளுங்கள். தேத்தண்ணி இலையோடு வராது. யார் கேட்டாலும் வராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, சுடச்சுட நானே கொண்டுவந்து தருவேன். அதுவரை யாரும் எழுந்து போகாமல், அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்.