வழி சொன்ன கேசட்

கறுப்பு ரேடியோ அது. காரின் முன்பக்கம், சாம்பல் கிண்ணத்துக்கு மேலே பதித்திருந்தார்கள். இடது குமிழைத் திருகினால் சத்தம் கூடும், வலது குமிழைத் திருகினால் நிலையம் மாறும். நடுவில் கேசட் நுழையும் வாய். கேசட்டை உள்ளே தள்ளினால் ரேடியோ அடங்கிவிடும். ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் கேசட் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்க, ரேடியோ மறுபடி பாடத் தொடங்கும். எண்பதுகளின் நடுவில், ஏறக்குறைய ஒரு வருடம் காலையும் மாலையும் அந்தப் பொத்தானை அழுத்துவதும் கேசட்டைத் தள்ளுவதும் என் வேலையாக இருந்தது. கார் எங்கள் அலுவலகத்து சீஃப் கிளார்க்குடையது. எல்லோரும் அவரை ஆன்டி என்றே கூப்பிடுவோம்.

நான் கிள்ளானுக்குப் பக்கத்துக் காப்பார்ப் பெண். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் தட்டச்சு வேலை கிடைத்து, கிள்ளானில் அத்தை வீட்டில் தங்கி, பஸ்ஸில் நின்றபடியே போய்வந்துகொண்டிருந்தேன். வேலையைத் தவிர வேறெதுவும் பேசாத ஆன்டி ஒருநாள் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "நீயும் கிள்ளான்தானே? நாளையிலேருந்து என் காடியில வா. சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்," என்றார்.

மறுநாள் காலை காரில் ஏறியதும் கேசட்டை என்னிடமே கொடுத்து, உள்ளே போடச் சொன்னார். பாட்டு வரும் என்று காத்திருந்தேன். ஓர் ஆணின் குரல் வந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கும் குரல். "கண்ணாடியப் பாத்தியா? சரி, மெதுவா எடு. பாசார் முன்னால லோரி நிக்கும், ஒதுங்கிப் போ." ஆன்டி கண்ணாடியைப் பார்த்தார், மெதுவாக எடுத்தார், லோரி எதுவும் நிற்காத சந்தை முன்னால் ஒதுங்கிப் போனார். சிவப்பு விளக்கு விழுந்ததும் "அமுக்கு," என்றார். நாங்கள் நிற்கும்போது குரல் முன்னால் போய்விடக் கூடாதாம். பச்சை விழுந்ததும் மறுபடி தள்ளினேன். விட்ட இடத்திலிருந்து குரல் தொடர்ந்தது.

"யாரு ஆன்டி இது?"

"வீட்டுக்காரர்."

"அங்கிள் எங்க வேலை பாக்குறாரு?"

"போன வருஷம் செத்துட்டாரு," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவர் ஆன்டி. நெடுஞ்சாலை என்றாலே அவருக்குப் பயமாம். இதய நோயாளியான கணவர், தன் தம்பியிடம் இந்தக் காரை ஓட்டச் சொல்லி, மடியில் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வழி முழுக்கப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பக்கம் போகும் வழி, மறுபக்கம் திரும்பும் வழி.

அன்று மாலை மறுபக்கத்தைப் போட்டோம். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்வரை குரல் ஒழுங்காக வழி சொல்லிக்கொண்டு வந்தது. சுபாங் தாண்டியதும் ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்தது. அதன் பிறகு எஞ்சின் இரைச்சல், சிக்னலின் டிக் டிக், மூச்சு. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். ஆன்டி என் கையை மெல்ல விலக்கினார். "இருக்கட்டும். அவருக்குக் களைப்பு," என்றார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போகும் காரின் சத்தமும் கேசட்டில் ஓடும் அதே காரின் சத்தமும் ஒன்றாகிப் போக, எது எதுவென்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. ஷா ஆலமை நெருங்கும்போது, காதருகே பேசுவதுபோல் அந்தக் குரல் கேட்டது.

"பக்கத்துல யாரு இருக்கா?"

ஆன்டி சாதாரணமாகப் பதில் சொன்னார். "நம்ம ஆபீஸ் பொண்ணுதாங்க. காப்பார்க்காரி."

கேசட் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, "சரி. நல்லது," என்றது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். "இனிமே அந்தக் காடியில ஏறாதே," என்று அவர் விபூதி பூசிவிட்டார். ஆனால் காலையில் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டதும் போய் ஏறிக்கொண்டேன். எதற்காக என்னைக் கூட்டிப் போகிறார் என்று அன்று கேட்டும்விட்டேன். ஆன்டி கியரை மாற்றினார். "தனியா வந்தப்பவும் கேப்பாரு. யாரும் இல்லீங்கன்னு சொல்லுவேன். அதுக்கும் நல்லதுன்னுதான் சொல்லுவாரு. அதைக் கேக்க முடியல மா," என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது. மாலையில் அந்தக் கேள்வி வருமுன் நான் பாவாடையை இழுத்துச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவதை ஒருநாள் நானே கவனித்தேன்.

பல மாதங்கள் கழித்து, குரல் கனத்துப் போகத் தொடங்கியது. ரேடியோவுக்குள் பெல்ட் தளர்ந்திருக்கும், கடையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்றேன். "குடுத்துட்டு எப்படி வர்றது?" என்றார். கேசட் மெதுவாக ஓட ஓட, அங்கிளின் பேச்சு இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. அவர் சொல்லும் திருப்பம் நாங்கள் தாண்டிய பிறகே வந்தது. அதனால் ஆன்டி காரின் வேகத்தைக் குறைத்தார். குரல் எவ்வளவு பின்தங்கியதோ அவ்வளவு. நெடுஞ்சாலையில் லோரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். அவர் காதில் அது விழுவதாகவே தெரியாது.

ஒரு மழைக்காலை. முன்பு போக்குவரத்து விளக்கு இருந்து, சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்ட இடம் ஒன்று உண்டு. வழக்கமாக அங்கே வேகத்தை மட்டும் குறைப்பார். அன்று குரல் இழுத்து இழுத்துச் சொன்னது: "சிவப்பு... லைட்டு... நிறுத்து." ஆன்டி நடுச்சாலையில் நிறுத்திவிட்டார். "ஆன்டி, லைட்டு இல்ல, போங்க," என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் இல்லாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லோரி சறுக்கிக்கொண்டே விலகி, என் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது.

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில்தான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காரை ஓரம் கட்டினார். பொத்தானை அழுத்தினேன், கேசட் வரவில்லை. உள்ளே நாடா சிக்கி, அங்கிளின் குரல் ஒரு முனகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "நகரு," என்று ஆன்டி குனிந்து கேசட்டைப் பிடித்து இழுத்தார். நாடா நீளமாக வந்தது. அறுந்து போகும்வரை இழுத்தார். உடனே ரேடியோ விழித்துக்கொண்டு, யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது.

அதன் பிறகு அவர் ஓட்டிய வேகத்தில் நாங்கள் வெகு சீக்கிரமே பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துவிட்டோம். அலுவலகம் திறந்திருக்கவில்லை. மழை கொட்டும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னார்.

"அவரு போன அன்னைக்கு நான்தான் ஓட்டினேன் மா. நெஞ்சு வலி. பின் சீட்டுல படுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிக்கிட்டே வந்தாரு. பாலம் ஏறுறப்ப பேச்சு நின்னுடுச்சு. அடுத்து எங்க திரும்பணும்னு சொல்லுவாருன்னு ஊரையே சுத்திக்கிட்டு இருந்தேன். நான் பொறந்ததே கிள்ளான்ல. ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாக்க மட்டும் பயம்."

காலடியில் கிடந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை, கிள்ளான் பாலம் ஏறுமுன் காரை ஓரமாக நிறுத்தினார். உடம்பை முழுக்கத் திருப்பி, பின் சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிக்னல் போட்டுக் காரை எடுத்து, பாலத்தில் ஏறினார். நான் பின்னால் திரும்பவே இல்லை.

இப்போது அந்தப் பாலத்தில் நானே கார் ஓட்டிப் போகிறேன். பின்னால் பேசிக்கொண்டே வரும் பேரப்பிள்ளைகள் சட்டென்று அமைதியானால், போக்குவரத்து எப்படி இருந்தாலும், உடனே திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.